பத்தாயிரம் பேரை ஆல்ப்ஸ் மலை தாண்ட வைப்பது எப்படி: ஆல்பா பிரபுவின் 1567 நடை, படிப்படியாக

சரித்திரக் கதைகளில் படை ஒரே வரியில் நகர்ந்துவிடும். "முரசு முழங்கியது, சேனை புறப்பட்டது, எல்லையை அடைந்தது." முரசுக்கும் எல்லைக்கும் நடுவில் ஒரு தளபதி என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். போர்க்களக் கதை எழுதுபவர்கள், பலகை விளையாட்டு வடிவமைப்பவர்கள், வகுப்பில் ஐரோப்பிய வரலாறு நடத்துபவர்கள் மூவருக்கும் இது பயன்படும். ஒரு காகிதமும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு நிறைய வரும்.

எடுத்துக்கொண்ட ஆள் ஆல்பாவின் 3-ஆம் டியூக், பெர்னாண்டோ அல்வாரெஸ் தே தொலேதோ. 1507-ல் பியத்ராஹீத்தாவில் பிறந்தவர். தகப்பனை மூன்று வயதுக்குள் போரில் இழந்து, பாட்டனாரிடம் வளர்ந்தவர். 1535-ல் துனிஸ் படையெடுப்பிலும் 1547-ல் மியூல்பெர்க் போரிலும் இருந்தவர். 1566 ஆகஸ்டில், ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்த நெதர்லாந்தில், கால்வினிய மதத்தவர் (போப்பை ஏற்காத புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவினர்) தேவாலயச் சிலைகளை உடைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மன்னர் அங்கே படை அனுப்பத் தீர்மானித்தார். பொறுப்பு ஆல்பாவிடம் வந்தது. 1567 ஏப்ரல் 27-ல் கார்த்தகேனா துறைமுகத்தில் கப்பல் ஏறினார், ஆகஸ்ட் 22-ல் பிரஸ்ஸல்ஸுக்குள் நுழைந்தார். இத்தாலியிலிருந்து மலை தாண்டி நடந்தது 56 நாள். அந்த 56 நாளும் ஒரு சண்டை நடக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் மிக நேர்த்தியாகச் செய்யப்பட்ட வேலை எது என்று கேட்டால், வென்ற போர்களை விட்டுவிட்டு இந்த நடையைத்தான் நாங்கள் சொல்வோம்.

முதலில் வழி: யாருடைய நிலம்?

வரைபடத்தை விரித்ததும் மலையையும் ஆற்றையும் பார்க்கத் தோன்றும். அதற்கு முன், வழியிலுள்ள ஒவ்வொரு நிலமும் யாருடையது என்று குறியுங்கள். கடல்வழியாக ஸ்பெயினிலிருந்து நேரே போகலாமே என்றால், பிரெஞ்சுக் கரையில் கொள்ளைக் கப்பல்கள், பிஸ்கே விரிகுடாவின் புயல், பத்தாயிரம் பேரை இறக்கத் துறைமுகம் என்று மூன்று சிக்கல். அதோடு, பழகிய ஸ்பானியக் காலாட்கள் இருந்தது ஸ்பெயினில் அல்ல, இத்தாலியக் கோட்டைகளில். ஆகவே இத்தாலியிலிருந்து தரைவழி.

தரைவழியில் குறுக்குப் பாதை பிரான்ஸ் ஊடாகத்தான் போகிறது. பிரெஞ்சு அரசு விடாது. அதனால் பிரான்ஸின் கிழக்கு ஓரத்தை உரசிக்கொண்டே வடக்கே ஏற வேண்டும். மிலான் பிலிப்பின் ஆட்சியில் இருந்தது. அடுத்து சவாய். அதன் டியூக் இம்மானுவேல் ஃபிலிபெர்ட் பிலிப்புக்கு உறவினர், 1557-ல் சான் குவின்டின் போரில் ஸ்பெயின் பக்கம் நின்று வென்றவர், 1559 சமாதானத்தில் தன் நாட்டைத் திரும்பப் பெற்றவர். அதற்கடுத்த பிரான்ஷ்-கோம்தே பிலிப்பின் சொந்த நிலம். பிறகு லொரைன், நடுநிலை நாடு. கடைசியாக லக்ஸம்பர்க், மறுபடியும் சொந்த நிலம். இந்த வரிசைக்குத்தான் பின்னாளில் ஸ்பானியச் சாலை என்று பெயர் வந்தது. யாரும் போட்ட சாலை அல்ல அது. அனுமதிகளைக் கோத்து ஒரு நூலாக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அனுமதிக் கடிதம் எழுதும்போது "எங்கள் படை வரப்போகிறது, வழிவிடுங்கள்" என்று மட்டும் எழுதினால் வேலை கெட்டுவிடும். எத்தனை பேர், எத்தனை குதிரை, எந்த மாதம், எந்த ஊர்களில் இரவு தங்கல், உணவுக்கு யார் எந்த விலையில் பணம் தருவது, குற்றம் செய்யும் சிப்பாயை யார் விசாரிப்பது என்பதெல்லாம் கடிதத்திலேயே இருக்க வேண்டும். லொரைன் எல்லாத் தரப்புப் படைகளுக்கும் வழிவிட்டது, ஆனால் ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்பது நிபந்தனை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் அங்கே ஓய்வுநாள் வைத்துத் திட்டமிட்டால் மொத்த அட்டவணையும் சரியும். ஓய்வு வேண்டுமென்றால் அதற்கு முன்னால் சொந்த நிலமான பிரான்ஷ்-கோம்தேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி தராத அண்டை நாடுகளையும் கணக்கில் வையுங்கள். பாதை கால்வினியர்களின் தலைமை ஊரான ஜெனிவாவுக்குப் பக்கமாகப் போகிறது. போகிற போக்கில் அந்த ஊரை அழித்துவிட்டுப் போனால் என்ன என்று போப் ஐந்தாம் பயஸுக்கு ஆசை. ஆல்பா நிற்கவில்லை, நின்றிருந்தால் கோடை தீர்ந்திருக்கும். ஆனாலும் அந்த ஊர் பயந்து ஆயுதம் எடுத்தது. பிரான்ஸின் ஒன்பதாம் சார்லஸ், கண்காணிப்புக்கென்று 6,000 சுவிஸ் வீரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். ஆல்பா கடந்துபோன பிறகும் அவர்கள் கலைக்கப்படவில்லை. அந்தப் படை தங்களுக்காகத்தான் என்று பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் நம்பி, செப்டம்பரில் அரசரையே பிடிக்கப் பார்த்தார்கள். பிரான்ஸில் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டது. உங்கள் படை அமைதியாக நடந்தாலும் பக்கத்து வீட்டில் தீப்பிடிக்கும். விளையாட்டு வடிவமைப்பவர்கள் இதை ஒரு விதியாகவே வைக்கலாம்.

யாரைக் கூட்டிப்போவது

புதிதாகச் சேர்த்த ஆட்களை நீண்ட நடைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் வாரத்திலேயே ஓடிவிடுவார்கள், மிஞ்சுபவர்கள் பாதம் கொப்பளித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஸ்பானியர்களின் வழி எளிமையானது. புதியவர்களை ஸ்பெயினிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இத்தாலியக் கோட்டைகளில் காவல் போடுவார்கள், அங்கே பழகி முற்றியவர்களை எடுத்துப் போர்முனைக்கு அனுப்புவார்கள். 1567-ல் நேப்பிள்ஸ், சிசிலி, லொம்பார்டி, சார்டினியா என நான்கு தெர்சியோக்கள் இப்படி விடுவிக்கப்பட்டன. தெர்சியோ என்பது ஸ்பானியக் காலாட்படையின் பெரிய பிரிவு. ஏட்டில் மூவாயிரம் பேர் என்றாலும் நடைமுறையில் அந்த எண்ணிக்கை அபூர்வம். நான்கும் சேர்ந்து கிட்டத்தட்ட 8,800 காலாட்கள், அவர்களோடு ஏறக்குறைய 1,200 குதிரைவீரர்கள்.

கதை எழுதுபவர்கள் அடிக்கடி தவறும் இடம் இது. தெர்சியோவின் தலைவர் மாஎஸ்த்ரே தே காம்போ. அவருக்குக் கீழே அணிவகுப்பையும் நடையையும் பார்க்கிற சார்ஜெந்தோ மயோர். கம்பெனிக்கு ஒரு கேப்டன், கொடி பிடிக்கிற அல்ஃபேரெஸ், ஒரு சார்ஜெண்ட். சிப்பாய் நிஜமாக வாழ்வது இவர்கள் யாரோடும் அல்ல, கமராதாவில். எட்டுப் பத்துப் பேர் ஒரே பானையில் சமைத்து, ஒரே கூரையில் தூங்கி, கடனையும் நோயையும் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு அது. இந்தக் கூட்டைத் தங்கும் இடத்தில் பிரித்துவிடாதீர்கள். பிரித்தால் இரவில் ஆள் தேடி அலைவார்கள், காலையில் பாதிப்பேர் வரிசைக்கு வரமாட்டார்கள்.

ஆயுதத்தில் ஆல்பா செய்த மாற்றம் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நடைக்குத்தான் கம்பெனிக்குப் 15 மஸ்கெட் வீரர்களைச் சேர்த்தார். அதுவரை மஸ்கெட் கோட்டைச் சுவரில் வைத்துச் சுடும் கனத்த துப்பாக்கி, களத்தில் சுட அதற்கு முட்டுக்கோல் வேண்டும். சுமை கூடியதால் மஸ்கெட் வீரனுக்குச் சம்பளமும் கூட. சாதாரண ஈட்டிக்காரனுக்கு மாதம் 3 எஸ்குதோ (ஸ்பானியப் பொன் நாணயம்), இவனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு.

புறப்படுவதற்கு முன் ஆள் எண்ணிக்கை எடுப்பது கட்டாயம். பெயர், ஊர், தகப்பன் பெயர், முகத்தில் உள்ள தழும்பு வரை பதிவேட்டில் ஏற வேண்டும். காரணம் சந்தேகம்தான். எண்ணிக்கை நாளன்று வேலைக்காரப் பையன்களுக்கு ஈட்டியைக் கொடுத்து நிறுத்தி, இல்லாத சிப்பாயின் சம்பளத்தை வாங்கும் கேப்டன்கள் எல்லாப் படையிலும் இருந்தார்கள். இந்தப் பொய்த் தலைகளை நம்பி ரொட்டி சுட்டால் வீண், நம்பிப் போருக்குப் போனால் ஆபத்து.

பாதையைப் பார்க்க முன்னே ஆள் அனுப்புங்கள்

ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை. ஆல்பாவுக்காக முன்கூட்டியே ஒரு பொறியாளர் 300 மண்வெட்டி ஆட்களோடு மலைக்கு அனுப்பப்பட்டார். சூசா ஊரைத் தாண்டி நொவலேசாவிலிருந்து மோன் செனி கணவாய்க்கு ஏறும் செங்குத்துப் பள்ளத்தாக்கில் பாதையை அகலப்படுத்துவது அவர்கள் வேலை. கணவாயின் உயரம் 2,080 மீட்டருக்குச் சற்று மேல். ஐந்து மீட்டர் ஈட்டியைத் தோளில் வைத்த ஆளும் இரண்டு பக்கமும் மூட்டை தொங்கும் கோவேறு கழுதையும் ஒரு வளைவில் எதிரும் புதிருமாக வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வளைவுகளைத்தான் முதலில் அகலப்படுத்த வேண்டும், நேர்ப்பாதையை அல்ல.

படம் வரைபவரையும் கூட அனுப்புங்கள். அந்தக் காலத்து வரைபடங்களில் ஊர்ப்பெயர் இருக்கும், தூரம் இருக்காது. பிரான்ஷ்-கோம்தேக்கு ஃபெர்டினாண்ட் தே லனுவா வரைந்த படத்தை ஆல்பா பயன்படுத்தினார். அது அவ்வளவு துல்லியமாக இருந்ததால், எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதென்று பத்தாண்டுக்கு மேல் அச்சேறவிடாமல் வைத்தார்கள். நல்ல வரைபடம் அன்று இராணுவ ரகசியம்.

முன்னே போகிறவர் ஒவ்வொரு ஊரிலும் எழுதிவர வேண்டியவை: எத்தனை வீடு, எத்தனை ரொட்டி அடுப்பு, மாவு அரைக்கும் ஆலை எங்கே, குதிரைகள் தண்ணீர் குடிக்க எத்தனை இடம், ஆற்றில் பாலம் உண்டா, இல்லையென்றால் எத்தனை படகு, கொள்ளைநோய் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அந்த ஊரைச் சுற்றிப் போங்கள், இரண்டு நாள் கூடினாலும் பரவாயில்லை.

மூன்றாகப் பிரியுங்கள்: ஏன் என்பதற்குக் கணக்கு

இந்த நடையின் நெஞ்சு இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போர்வீரர் பத்தாயிரம் என்றால் வாய் பத்தாயிரம் அல்ல. வேலைக்காரர், குதிரைக்காரர், பெண்கள், பிள்ளைகள், வியாபாரிகள் சேர்ந்து இன்னொரு பாதி கூடும் என்று வைத்து, 15,000 என்று திட்டமிடுங்கள். குதிரையும் கழுதையும் சேர்ந்து 3,000 என்று கொள்ளுங்கள். இவை நம் கணக்குக்காக எடுத்த எண்கள், உங்கள் படைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

மலைப்பாதையில் ஒற்றை வரிசைதான். ஒரு ஆளுக்கு ஒன்றரை மீட்டர் இடம், ஒரு விலங்குக்கு நான்கு மீட்டர். 15,000 பேருக்கு 22.5 கிலோமீட்டர், 3,000 விலங்குக்கு 12 கிலோமீட்டர், மொத்தம் 34.5. ஒருநாள் நடையே 20 கிலோமீட்டர் சுற்றித்தான். அதாவது முன்தலை அடுத்த ஊரில் சாப்பிட்டுப் படுத்த பிறகும் வால் முந்தைய ஊரில் கிளம்பாமல் நிற்கும். வாலில் இருப்பவன் இருட்டில் செங்குத்துப் பாதையில் இறங்குவான், கழுதைகள் உருளும்.

அதையே மூன்றாக வெட்டினால் ஒரு பகுதியின் நீளம் 11.5 கிலோமீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பாலத்தைக் கடக்க நான்கு மணி நேரம் போதும். முதல் பகுதி விடியலில் கிளம்பினால் கடைசி ஆளும் பிற்பகலில் ஊர் சேர்ந்துவிடுவான்.

ஆல்பா செய்தது இதுவே. முன்படை அவரிடம். நடுப்படை அவருடைய திருமணத்துக்குப் புறம்பான மகன், புனித யோவான் சபையின் பிரியர் (சபைத் தலைவர்களில் ஒருவர்) ஹெர்னாண்டோ தே தொலேதோவிடம். பின்படை இத்தாலியரான சியாப்பினோ விட்டெல்லியிடம். ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி. முன்படை நேற்று இரவு தூங்கிய ஊரில் இன்று நடுப்படை தூங்கும், நாளை பின்படை. இதனால் அடுப்பும் வைக்கோலும் மூன்று இரவு தொடர்ந்து பயன்படுகின்றன. தாக்குதல் நேர்ந்தால் அடுத்த பகுதி ஒருநாள் தூரத்திலேயே இருக்கிறது.

இடைவெளியை இரண்டு நாளாக நீட்டாதீர்கள். பின்படைக்கு உதவி எட்டாமல் போகும். அரைநாளாகச் சுருக்கவும் வேண்டாம். முன்படை ஊரைவிட்டுக் கிளம்பும் குழப்பத்தில் நடுப்படை வந்து முட்டும், தெருவில் சண்டை வரும், அன்றைய ரொட்டி யாருக்கு என்று தெரியாமல் போகும்.

ரொட்டி, வைக்கோல், சீட்டு

படை தன் உணவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு விலங்கு நாளுக்குச் சுமார் 10 கிலோ தீவனம் தின்னும். 3,000 விலங்குக்கு 30 டன். ஒரு கோவேறு கழுதை 100 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்கும். பத்து நாள் தீவனத்தைச் சுமக்கவைத்தால் தன் சுமையைத் தானே தின்று தீர்த்துவிடும். ஜூனில் கிளம்புவதற்கு முக்கியக் காரணம் கணவாயில் பனி கரைவது மட்டுமல்ல, மேய்ச்சல் புல் வளர்ந்திருப்பதும்தான். 1578-ல் லோப்பே தே ஃபிகெரோவா 5,000 பேரைக் குளிர்காலத்தில் 32 நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது உண்மை. ஆனால் அது பாதியளவு ஆட்கள், அதற்குள் வழியெங்கும் பழகிப்போன ஏற்பாடு. முதல் தடவை போகிறவர் அதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது.

ஆகவே உணவு முன்பே ஊரில் காத்திருக்க வேண்டும். இதற்கு எட்டாப் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் சவாயைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் மோரியன் பள்ளத்தாக்கில் 1551-ல் இந்த முறையை அமைத்தார்கள். ஸ்பானியர் அதையே எடுத்து நீட்டினார்கள். முறை இப்படி: படை வருவதற்கு முன் உணவு அதிகாரி ஒருவர் போய், இன்ன ஊரில் இத்தனை ராத்தல் ரொட்டி, இறைச்சி, இத்தனை பீப்பாய் ஒயின், இத்தனை கட்டு வைக்கோல், இன்ன விலை என்று ஒப்பந்தம் எழுதுவார். ஆல்பாவுக்காக இந்த வேலையில் போனவர் பிரான்சிஸ்கோ தே இபார்ரா. ஒப்பந்தத்தில் விலை எழுதாமல் விட்டால், படை வந்து நிற்கும் நாளில் ரொட்டி மூன்று மடங்கு விலை ஏறும். பசித்த சிப்பாய் விலை கேட்க மாட்டான், கதவை உடைப்பான். அதோடு அடுத்த ஊர்கள் எல்லாம் காலியாகிக் காட்டுக்குள் ஓடிவிடும்.

அளவு சொல்லுங்கள் என்பீர்கள். பிளாண்டர்ஸ் படையில், அதாவது நெதர்லாந்தில் இருந்த ஸ்பானியப் படையில், பழகிய அளவு ஒரு ஆளுக்கு இரண்டு நாளைக்கு 3 ராத்தல் ரொட்டி, அதாவது நாளுக்கு ஒன்றரை. ஒரு பகுதியில் 5,000 வாய் என்றால் 7,500 ராத்தல், கிட்டத்தட்ட மூன்றரை டன். மூன்று ராத்தல் ரொட்டியாகச் சுட்டால் 2,500 ரொட்டி. ஒரு அடுப்பு ஒரு தடவையில் நூறு ரொட்டி சுடும், நாளுக்கு ஐந்து தடவை மூட்டலாம் என்று வைத்தால் ஐந்து அடுப்பு முழுநாள் எரிய வேண்டும். மூன்று பகுதியும் கடக்க இதுவே மூன்று நாள். ஊரில் இரண்டே அடுப்பு இருந்தால் ஒரு வாரம் முன்பே சுடத் தொடங்க வேண்டும். ரொட்டி கெட்டியாகும், ஆனால் வயிறு நிறையும். கோடை ஈரத்தில் பூசணம் பிடிக்கும் என்பதால் மலை ஊர்களில் இதைச் செய்யலாம், ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் வேண்டாம்.

தங்குவதற்குச் சீட்டு முறை. தங்கல் அதிகாரி ஒருநாள் முன்னதாக ஊருக்குள் போய், ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை பேர் என்று சீட்டு எழுதுவார். சீட்டைக் கொண்டுவரும் கமராதாவுக்கு வீட்டுக்காரர் படுக்கை, விளக்கு, விறகு, உப்பு, வினிகர் தர வேண்டும். அடுத்து அந்தச் சீட்டை வரி வசூலிப்பவரிடம் காட்டினால் அவ்வளவுக்கு வரி கழியும். சீட்டில் அதிகாரியின் கையெழுத்து இல்லையென்றால் வீட்டுக்காரருக்கு ஒரு காசும் திரும்பாது. அந்தக் கோபத்தை அடுத்த படை வரும்போது காட்டுவார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம், அதே சாலையில்தான் ஐம்பது ஆண்டுக்கு மேல் படைகள் போக வேண்டியிருந்தது.

சுமை விலங்குகளை வழிமுழுக்க ஒரே ஆட்களிடம் வாடகைக்கு எடுக்காதீர்கள். மலையில் கழுதை, சமவெளியில் வண்டி. மலைக்காரன் தன் பள்ளத்தாக்கைத் தாண்டி வரமாட்டான், வற்புறுத்தினால் இரவோடு இரவாகக் கழுதையோடு போய்விடுவான். ஒவ்வொரு மாகாண எல்லையிலும் சுமையை மாற்றுங்கள், வாடகையை அன்றன்றே கையில் கொடுங்கள். பெரிய பீரங்கிகளை இத்தாலியிலேயே விடுங்கள், போய்ச் சேரும் நாட்டில் பீரங்கி உண்டு.

ஒருநாள் எப்படிப் போகும்

கோடை என்பதால் வெளிச்சம் வருவதற்குள் முதல் முரசு. அதற்கு எழுந்து கட்டுவது, இரண்டாம் முரசுக்குக் கொடியடியில் கூடுவது, மூன்றாவதற்கு நடப்பது. முன்னால் குதிரை ஏறிய துப்பாக்கி வீரர் சிலர், உள்ளூர் வழிகாட்டியோடு. வழிகாட்டிகள் இருவரைத் தனித்தனியே அழைத்துப் பேசுங்கள், இருவர் சொல்லும் ஒத்துப்போனால் நடங்கள். கம்பெனிகள் நாள்தோறும் வரிசை மாற வேண்டும், இன்று முன்னால் போனவர் நாளை பின்னால். இல்லையென்றால் கடைசிக் கம்பெனிக்கு எப்போதும் புழுதியும் காலிப் பாத்திரமும்தான் மிஞ்சும். இந்த ஒரு விதியை மறந்ததால் வரும் பூசல் கொஞ்சநஞ்சமல்ல.

வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி தூரத்தை முடித்துவிடுங்கள். கடைசியில் நீதி அதிகாரியின் குதிரைகள் வரும், பின்தங்கியவனைத் தூக்க, தோட்டத்தில் நுழைந்தவனைப் பிடிக்க. நாலைந்து நாளைக்கு ஒரு ஓய்வு. செருப்பு தைக்க, லாடம் அடிக்க, துணி துவைக்க. செருப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் 1,100 கிலோமீட்டரில் முதலில் தீர்ந்துபோவது அதுதான். ஆளுக்கு இரண்டு இணையாவது மூட்டையில் இருக்கட்டும்.

மோன் செனி ஏற்றத்துக்கு முந்தின இரவு நொவலேசாவில் கூட்டம் சேரவிடாதீர்கள். அங்கே இடம் குறைவு, மழை பிடித்தால் பாதை வழுக்கும். வானம் மூடியிருந்தால் சூசாவிலேயே ஒருநாள் காத்திருப்பது மேல். ஏறி இறங்கி அந்தப்பக்கம் லான்ஸ்லெபூர் சேர்வது ஒரே நாளில் முடிய வேண்டும். மேலே புல்வெளியும் ஏரியும் உண்டு, பத்தாயிரம் பேருக்கு விறகு கிடையாது. அங்கிருந்து மோரியன் பள்ளத்தாக்கு வழியே ஷாம்பேரி பக்கம் இறங்கினால் மூச்சு விடலாம்.

பிரபுவின் சொந்த நாள்

தளபதிக்கு அப்போது 59 வயது, கால்மூட்டில் வாதநோய். இத்தாலியில் இறங்கியதும் முறைக்காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் இல்லாமலும் படை நகரும்படி ஏற்பாடு இருந்ததால் நடை நிற்கவில்லை. ஆகவே முதல் நாளே எழுத்தில் வையுங்கள்: நான் விழுந்தால் முன்படை யாரிடம், முத்திரை யாரிடம், பணப்பெட்டியின் சாவிகள் யாரிடம். சாவி ஒன்றாக இருக்கக் கூடாது. பணம் வைத்திருப்பவர், கணக்கு எழுதுபவர், மேற்பார்ப்பவர் என்று ஆளுக்கொன்று.

அவருடைய நேரத்தில் பெரும்பகுதி கடிதத்துக்கே போகும். மன்னருக்கு நிலவரம், பிரஸ்ஸல்ஸில் ஆண்டுகொண்டிருந்த பார்மாவின் மார்கரீத்தாவுக்குப் பணிவான பதில், லொரைன் டியூக்குக்கு நன்றி, ஜெனோவா வங்கியாளர்களுக்குப் பணம் கேட்டு நெருக்கடி. 8,800 காலாட்களின் அடிப்படைச் சம்பளம் மட்டுமே மாதம் 26,400 எஸ்குதோ. அதைப் பொன் நாணயமாகத் தூக்கிப் போனால் 90 கிலோ தங்கம். அதனால் உண்டியல்தான், அதாவது இங்கே எழுதி அங்கே மாற்றிக்கொள்ளும் கடன்சீட்டு. உண்டியல் எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த நாணயத்தில் மாறும் என்ற மூன்றையும் சரிபாருங்கள். ஒன்று பிசகினால் படை பணமில்லாத ஊரில் நிற்கும்.

உயர்குடிப் பெருமையையும் மேலாண்மை செய்ய வேண்டும். கேப்டன்களில் பலர் பெரிய வீட்டுப் பிள்ளைகள். யார் மேசையில் யார் பக்கத்தில் உட்காருவது, யாருடைய கொடி முன்னால் போவது என்பதில் வாள் உருவத் தயங்கமாட்டார்கள். தினசரி வரிசை மாற்றம் இதற்கும் மருந்து. பிரபுவே காலையில் குதிரை மேல் எல்லோருக்கும் முன் நிற்கிறார் என்றால் மற்றவர்கள் தாமதிக்க வெட்கப்படுவார்கள்.

போய்ச் சேர்ந்தபின்

தியோன்வில்லில், லக்ஸம்பர்க் எல்லைக்குள் நுழைந்ததும், மறுபடி எண்ணிக்கை எடுங்கள். புறப்படும் முன் இத்தாலியின் ஆஸ்தி என்ற ஊர்ப்பக்கம் எடுத்த பதிவேட்டோடு பெயர் பெயராக ஒப்பிட்டு, விட்டுப்போனவர்களை ஓடியவர், நோயில் தங்கியவர், இறந்தவர் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். நோயில் தங்கியவருக்கு அந்த ஊர் செய்த செலவை உடனே தீர்க்க வேண்டும். படைக்கென்று நிலையான மருத்துவமனை நெதர்லாந்தின் மெக்கலன் ஊரில் வந்தது 1585-ல்தான், அதுவரை வழியோர மடங்களும் வீடுகளும்தான் கதி.

அடுத்தது தங்கல், இங்கேதான் எல்லாம் கெட ஆரம்பிக்கும். வழியில் ஒரு இரவு என்றால் ஊர் பொறுக்கும். மாதக்கணக்கில் என்றால் எந்த ஊரும் பொறுக்காது. வாடகையும் ரொட்டியும் சிப்பாயின் சம்பளத்திலிருந்து வர வேண்டும், சம்பளம் மன்னரின் உண்டியலிலிருந்து வர வேண்டும். 1568 டிசம்பரில் ஆல்பாவுக்குப் பணம் ஏற்றிவந்த கப்பல்கள் இங்கிலாந்துத் துறைமுகங்களில் ஒதுங்க, முதலாம் எலிசபெத் அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். உள்ளூரிலேயே வரி போட்டுத் தேற்றலாம் என்று ஆல்பா விற்பனை மீது பத்தில் ஒரு பங்கு வரி கேட்டார். நெதர்லாந்தில் மூண்ட கலகத்தில் சேராதவர்கள்கூட அதனால் எதிரிகளானார்கள். ஏழு மாத முற்றுகைக்குப் பின் 1573 ஜூலையில், கலகக்காரர் கையில் இருந்த ஹார்லெம் நகரம் விழுந்தது. மலை தாண்டி வந்த அதே பழம்படை, சம்பளப் பாக்கிக்காக அங்கேயே வேலைநிறுத்தம் செய்தது. பதவியை அடுத்து வந்த ஆளுநர் ரெக்கெசென்ஸிடம் கொடுத்துவிட்டு, டிசம்பரில் ஆல்பா நாடு திரும்பக் கிளம்பினார்.

ஆகவே வந்திறங்கிய வாரத்திலேயே ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனி ஏடு திறந்துவிடுங்கள். ஒரு பக்கம் அவனுக்குச் சேர வேண்டிய சம்பளம், மறுபக்கம் கொடுத்த ரொட்டி, துணி, வெடிமருந்து, முன்பணம். மாதா மாதம் கழித்து, மீதியை அவன் கமராதாவின் முன்னால் படித்துக் காட்டுங்கள். பாக்கி எவ்வளவு என்று அவனுக்கும் உங்களுக்கும் ஒரே எண் தெரிந்திருந்தால், கலகம் மூண்ட நாளில் பேச்சைத் தொடங்க அந்த ஏடாவது கையில் இருக்கும்.